துரையின் மருந்தும் அரசின் மருத்துவமனையும்: மலையகத் தோட்டங்கள் சொல்லும் பாடம்

20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழகத்திலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன கூலிகளுக்கு ஆளுக்கொரு தகர வில்லை கொடுக்கப்பட்டது. அதில் அவர்கள் பெயர் கிடையாது. போய்ச் சேர வேண்டிய தோட்டத்தின் எண் பொறிக்கப்பட்டிருந்தது. சரக்கு மூட்டைக்கு முகவரி எழுதுவது போலத்தான். முதலில் தூத்துக்குடிக்கு அருகே தட்டப்பாறையிலும், பாம்பன் ரயில் பாலம் 1914-ல் வந்த பிறகு மண்டபத்திலும் தடுப்பு முகாம்கள் நடந்தன. அங்கே ஏறக்குறைய ஒரு வாரம் அடைத்து வைத்து, அம்மை குத்தி, துணிமணிகளைக் கிருமி நீக்கம் செய்து, உடம்பைச் சோதித்து, அதன் பிறகே கப்பலேற்றினார்கள்.

நவீன மருத்துவத்தோடு நம் மக்களில் பல லட்சம் பேருக்கு ஏற்பட்ட முதல் பழக்கம் இப்படித்தான் தொடங்கியது. சேரியில் வைத்தியம் பார்க்க ஒருவரும் வராத காலத்தில், கப்பலேறும்போது மட்டும் வெள்ளைக்கார டாக்டர் வந்து நாக்கை நீட்டச் சொன்னார். அந்த அக்கறை யாருக்காக என்ற கேள்வியைத்தான் இந்தக் கட்டுரையில் நாம் பின்தொடர்கிறோம். இன்று திருப்பூரிலும் ஓசூரிலும் சென்னைக் கட்டடங்களிலும் வேலை செய்யும் பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட் தொழிலாளரின் உடல்நலம் பற்றிப் பேசும்போதும் அதே கேள்விதான் எழுகிறது. நம்முடைய பாட்டன் பாட்டிமார் 100 ஆண்டுகளுக்கு மேல் அனுபவித்த வரலாற்றில் அதற்கான பதில் கிடக்கிறது.

வடக்குப் பாதை

1830-களில் இலங்கையின் கண்டி மலைகளில் காப்பித் தோட்டங்கள் பெருகின. மதுரை, இராமநாதபுரம், திருச்சி, தஞ்சை, புதுக்கோட்டை, சேலம் பகுதிகளிலிருந்து ஆட்கள் போனார்கள். அவர்களில் பெரும்பகுதியினர் பறையர், பள்ளர், அருந்ததியர். பண்ணையாளாகப் பிறந்து பண்ணையாளாகச் சாக வேண்டிய வாழ்விலிருந்து கிடைத்த ஒரே வெளிவாசல் அது. பஞ்சம் வந்த ஆண்டுகளில் கூட்டம் கூடியது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை உலுக்கிய பெரும்பஞ்சத்தின்போது உயிர் பிழைக்க ஓடியவர்கள் ஏராளம்.

பயணம் தோணியில் தொடங்கும். இராமேசுவரம் பக்கமிருந்து மன்னார்க் கரைக்குப் போய் இறங்க வேண்டும். அதன்பின் வறண்ட காட்டு வழியே மாத்தளை வரை சுமார் 150 மைல் நடை. இதற்கு வடக்குப் பாதை என்று பெயர். வழியில் நல்ல தண்ணீர் இல்லை. தங்க இடம் இல்லை. காலராவும் பெரியம்மையும் மலேரியாவும் காத்திருந்தன. நடக்க முடியாதவரை வழியோரம் விட்டுவிட்டுக் கூட்டம் நகர்ந்துபோனது. 1840-களில் மட்டும் தொழிலாளரில் 70,000 பேர் செத்திருக்கலாம் என்று கொழும்புப் பத்திரிகை ஒன்று 1849-ல் கணக்கிட்டது. அந்த எண் சரிதானா என்று வரலாற்றாய்வாளர்கள் இன்னும் வாதிடுகிறார்கள். வாதம் நடப்பதற்கே காரணம், அன்று அந்தச் சாவுகளை யாரும் முறையாக எழுதி வைக்கவில்லை என்பதுதான். இறக்குமதியான அரிசி மூட்டைக்குக் கணக்கு இருந்தது. வழியில் விழுந்த ஆளுக்கு இல்லை.

பாதையோரம் கிணறும் கொட்டகையும் சிகிச்சைக்கூடமும் பிறகுதான் வந்தன. ஏன் வந்தன? வடக்குப் பாதையில் போனவர்களோடு காலராவும் ஊர்களுக்குள் போனது. சிங்களக் கிராமத்தாரும் நகரத்தாரும் பயந்தார்கள். தோட்டக்காரர்களுக்கு வந்து சேரும் ஆட்கள் குறைந்தார்கள். அரசு அசைந்தது இந்த இரண்டு காரணங்களால்தான். தொழிலாளியை நோயிலிருந்து காப்பாற்றுவதைவிட, தொழிலாளியிடமிருந்து மற்றவர்களைக் காப்பாற்றுவதே முதல் நோக்கமாக இருந்தது. பின்னாளில் மண்டபம் முகாமில் நடந்ததும் இதேதான்.

1872: சட்டம் வந்தது, வாசல் மாறவில்லை

காப்பிக் காலத்தில் நோயாளியான கூலியை என்ன செய்தார்கள்? பல தோட்டங்களில் கணக்கிலிருந்து பெயரை நீக்கி வெளியே அனுப்பினார்கள். மலைச்சாலைகளின் ஓரத்தில் பிணங்கள் கிடப்பது அதிகாரிகளுக்கே சங்கடமாகிப்போனது. இந்தப் பின்னணியில்தான், ஆளுநர் வில்லியம் கிரெகரி காலத்தில், 1872-ல் தோட்டத் தொழிலாளரின் மருத்துவத் தேவைகளுக்கென்று தனிச்சட்டம் இயற்றப்பட்டது. தோட்டப் பகுதிகளில் மாவட்ட மருத்துவமனைகள் கட்டுவது, மாவட்ட மருத்துவ அதிகாரிகளை நியமிப்பது, செலவில் ஒரு பங்கைத் தோட்டக்காரர்களிடமிருந்து வாங்குவது ஆகியவை அதன் அடிப்படை. அன்றைய பிரிட்டிஷ் காலனிகளில் தொழிலாளருக்கென்று மருத்துவச் சட்டம் இயற்றியது சாதாரணக் காரியம் அல்ல. அதை நாம் மறுக்கவில்லை.

ஆனால் சட்டம் மருத்துவமனையைக் கட்டியதே தவிர, அதன் வாசலைத் தொழிலாளியிடம் கொடுக்கவில்லை. மருத்துவமனைக்குப் போகலாமா வேண்டாமா என்பதைத் துரை முடிவு செய்தார். அவருக்கு முன்னால் கங்காணியும் கணக்கப்பிள்ளையும் முடிவு செய்தார்கள். வேலைக்கு வந்த ஒவ்வொரு தலைக்கும் கங்காணிக்குத் தலைக்காசு உண்டு. ஆள் படுத்துவிட்டால் அந்தக் காசு போச்சு. ஆகவே காய்ச்சலோடு பெரட்டுக்களத்துக்கு வந்தவரும் மலைக்கு விரட்டப்பட்டார். மருத்துவமனையில் தங்கும் நாட்களுக்கான செலவு தோட்டத்தின் தலையில் விழுந்தது. அதனால் துரைமார் பிழைக்கக்கூடிய நோயாளியை லயத்திலேயே வைத்துக்கொண்டார்கள்; சாகப்போகிறவரைத்தான் கடைசியில் அனுப்பினார்கள். அனுப்பப்பட்டவர் அங்கே போய்ச் செத்தார். மருத்துவமனை என்றாலே சாகப்போகிற இடம் என்று லயங்களில் பேர் பரவியது. பிறகு, கூலிகள் மூடநம்பிக்கையால் மருத்துவமனைக்கு வர மறுக்கிறார்கள் என்று அறிக்கைகள் எழுதப்பட்டன.

இந்தக் கடைசி வரியைக் கவனிக்க வேண்டும். ஏழை மக்கள் சிகிச்சைக்கு வராததற்கு அவர்களுடைய அறியாமையே காரணம் என்று இன்றைக்கும் எழுதுகிறார்கள். 1870-களின் மலையகம் காட்டுவது வேறு. அந்த மக்கள் மருத்துவமனையைத் தங்கள் அனுபவத்தால் அளந்தார்கள். அளவு சரியாகவே இருந்தது.

1912-ல் சட்டம் திருத்தி எழுதப்பட்டது. பிள்ளை பெற்ற பெண்ணுக்கு ஒரு மாதம் உணவும் உறைவிடமும் தர வேண்டும், அந்த மாதம் வேலைக்கு அழைக்கக் கூடாது என்பன போன்ற கடமைகள் துரைமீது சுமத்தப்பட்டன. காகிதத்தில் நல்ல விதிதான். அதை நிறைவேற்ற வேண்டியவரும் துரை, மீறினால் லாபம் அடைபவரும் துரை. புகார் சொல்ல வேண்டியவரோ துரையின் லயத்தில் குடியிருப்பவர். ஒரு தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்குப் போக வேண்டுமென்றால், கடன் பாக்கியைச் சொல்லும் 'துண்டு' வேண்டும். அந்தத் துண்டு முறை 1921-ல்தான் சட்டப்படி ஒழிந்தது. வெளியேறும் உரிமை இல்லாதவர் எப்படிப் புகார் கொடுப்பார்?

கொக்கிப்புழுவும் கக்கூசும்

1916-ல் அமெரிக்காவின் ராக்பெல்லர் அறக்கட்டளை இலங்கைத் தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்பு இயக்கத்தைத் தொடங்கியது. கொக்கிப்புழு, மலம் கலந்த மண்ணிலிருந்து வெறுங்காலின் தோல்வழியே உடம்புக்குள் போகிறது. குடலில் ஒட்டிக்கொண்டு ரத்தத்தை உறிஞ்சுகிறது. ரத்தசோகை, சோர்வு, வீக்கம், கர்ப்பிணிகளுக்கு உயிராபத்து எல்லாம் அதனால் வருபவை. தோட்டங்களில் கிட்டத்தட்ட எல்லோர் வயிற்றிலும் இந்தப் புழு இருந்தது. காலில் செருப்பு இல்லை, லயங்களில் கக்கூசு இல்லை.

மருந்து கொடுப்பதில் துரைமாருக்குத் தயக்கம் இல்லை. பெரட்டில் நிறுத்தி எல்லோருக்கும் ஓமம்போல நாறும் தைமோலும் கீனோபோடியம் எண்ணெயும் கொடுத்தார்கள். புழு போனால் ரத்தம் ஊறும், ரத்தம் ஊறினால் கொழுந்து கூடும் என்ற கணக்கு அவர்களுக்குப் புரிந்தது. கக்கூசு கட்டச் சொன்னபோதுதான் பின்வாங்கினார்கள். அது செலவு. கட்டினால் சுத்தம் செய்ய ஆள் வைக்க வேண்டும், தண்ணீர் வேண்டும். கக்கூசு இல்லாத லயத்தில் மருந்து தின்றவர் மறுபடியும் அதே மண்ணில் நடந்தார். புழு மறுபடியும் ஏறியது. மறுபடியும் மருந்து.

மாத்திரையால் தீர்க்கக்கூடியதை மட்டும் மருத்துவம் என்று வைத்துக்கொண்டு, வீடு, தண்ணீர், கழிப்பிடம், கூலி ஆகியவற்றைக் கணக்குக்கு வெளியே தள்ளுவது அன்று தொடங்கிய பழக்கம். தோட்ட நிர்வாகம் கொடுக்கும் மருத்துவம் அதற்குமேல் போகாது. போனால் அதன் சொந்த லாபத்தையே தொட வேண்டியிருக்கும்.

லயத்துக்குள் சாதி

கடல் தாண்டினால் சாதி போய்விடும் என்று நம்பிப் போனவர்கள் உண்டு. சாதியும் அதே தோணியில்தான் வந்தது. பெரிய கங்காணிகளில் பலர் இடைநிலைச் சாதியினர். லயங்கள் சாதிவாரியாகப் பிரிக்கப்பட்டன. நல்ல லயமும் தண்ணீருக்கு அருகிலுள்ள லயமும் யாருக்குப் போயின என்று சொல்லத் தேவையில்லை. லயத்து வாசலையும் சாக்கடையையும் கக்கூசையும் சுத்தம் செய்யும் வாசக்கூட்டி வேலை அருந்ததியர் தலையில் விழுந்தது. தோட்டத்தின் சுகாதாரம் முழுவதையும் தாங்கியவர் அந்த வாசக்கூட்டி. தோட்டத்தின் நோய்கள் எல்லாவற்றுக்கும் முதலில் முகம் கொடுத்தவரும் அவரே. சுகாதாரத் துறை என்ற பெரிய ஏணியின் கடைசிப் படியில் அவர் நின்றார். அந்த ஏணியில் மேலே ஏற அவருக்கு வழியில்லை.

தோட்டத்து டிஸ்பென்சரியில் இருந்த 'டாக்டரையா' முழுத்தகுதி பெற்ற மருத்துவர் அல்ல, மருத்துவ உதவியாளர். அவர் நிர்வாகத்தின் சம்பளக்காரர். ஒருவருக்குக் காய்ச்சல் இருக்கிறதா, இல்லை சோம்பேறித்தனமா என்று தீர்ப்புச் சொல்வதும் அவர் வேலைதான். அவர் சொல் ஒன்றில் அன்றைய 'பேர்' விழும் அல்லது போகும். மருத்துவரும் வேலை வாங்குபவரும் ஒரே மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தால், நோயாளி அந்தப் பக்கம் கையைக் கட்டிக்கொண்டுதான் நிற்க வேண்டும்.

ஓட்டு வந்த இடத்துக்கு மருத்துவம் வந்தது

இலங்கையின் பொதுச் சுகாதார வரலாறு உலகம் மெச்சுவது. 1926-ல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு, வீட்டு வாசலுக்கே மருத்துவச்சியையும் சுகாதாரப் பரிசோதகரையும் அனுப்பிய முன்னோடி முயற்சி. 1931-ல் டொனமூர் அரசியலமைப்பின்கீழ் வயதுவந்த எல்லோருக்கும் வாக்குரிமை வந்தது. ஓட்டுக் கேட்டுப் போனவர்களிடம் கிராமத்து மக்கள் மருத்துவமனை கேட்டார்கள். 1934-35-ல் மலேரியாக் கொள்ளைநோய் பல்லாயிரம் உயிர்களைக் கொண்டுபோன பிறகு அந்தக் குரல் இன்னும் வலுத்தது. சிறு மருத்துவமனைகள், மகப்பேற்று இல்லங்கள், பயிற்சி பெற்ற மருத்துவச்சிகள் என்று கிராமங்களுக்குள் அரசு போனது. 1985-ல் இத்தாலியின் பெல்லாஜியோவில் கூடிய நிபுணர்கள், குறைந்த செலவில் நல்ல ஆரோக்கியம் அடைந்த இடங்களாகக் கேரளம், சீனா, கோஸ்டாரிக்கா ஆகியவற்றோடு இலங்கையையும் எடுத்துக்காட்டினார்கள்.

அந்தப் புகழ்மாலையில் தோட்டங்கள் சேரவில்லை. 1930-களில் தோட்டங்களின் குழந்தை இறப்பு, தீவின் சராசரியிலிருந்து பெரிதாக விலகி இருக்கவில்லை. இரண்டுமே கொடுமையான அளவில் இருந்தன. பிறகு கிராமங்களில் இறப்பு வேகமாகக் குறைந்தது. தோட்டங்களில் அந்த வேகம் இல்லை. 1974-ல் தீவு முழுவதும் ஆயிரம் பிறப்புக்கு 50-ஐ ஒட்டி இருந்த குழந்தை இறப்பு, தோட்டங்களில் 100-ஐத் தாண்டியிருந்தது. ஒரே தீவு, ஒரே அரசு. இடையில் நடந்தது என்ன?

1947 தேர்தலில் மலையக மக்களின் வாக்குகளால் இலங்கை இந்தியக் காங்கிரசின் 7 பேர் நாடாளுமன்றம் சென்றார்கள். 1948 பிப்ரவரியில் விடுதலை. அதே ஆண்டிலேயே குடியுரிமைச் சட்டம். தந்தையோ பாட்டனோ இலங்கையில் பிறந்ததற்குச் சான்று கேட்டது அந்தச் சட்டம். வடக்குப் பாதையில் செத்தவருக்கே கணக்கு வைக்காத நாடு, பிழைத்தவரின் பேரனிடம் பிறப்புச் சான்றிதழ் கேட்டது. பல லட்சம் பேர் நாடற்றவர் ஆனார்கள். 1949-ல் வாக்குரிமையும் போயிற்று. 1964-ல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் 9,75,000 பேரை இரண்டு அரசுகளும் பங்கு பிரித்துக்கொண்டன. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேர் பற்றிப் பிறகு பேசலாம் என்று. பேசியது 1974-ல். அந்த மக்களை யாரும் கேட்கவில்லை.

ஓட்டு இல்லாத இடத்துக்கு எந்த அமைச்சர் மருத்துவச்சியை அனுப்புவார்? அரசின் சுகாதார வட்டாரம் தோட்டத்து எல்லையோடு நின்றது. தோட்டத்துக்குத் தோட்டமே பொறுப்பு என்று 1872-ல் போட்ட கோடு, அரசு கைகழுவிக்கொள்ள வசதியான சாக்காக மாறியது. தோட்டக் கம்பெனிகளோ, எப்போது தேசியமயமாகும் என்று தெரியாத நிலையில் லயத்துக்கு ஓடு மாற்றக்கூடப் பணம் போடவில்லை. 1973-74-ல் உணவுத் தட்டுப்பாடு வந்தபோது, ரேசன் அளவு குறைக்கப்பட்டது. கிராமத்தவருக்கு மரவள்ளி நடவாவது ஒரு துண்டு நிலம் இருந்தது. தோட்டத்து மக்களுக்கு வாசல் மண்கூடச் சொந்தமில்லை. மேலே சொன்ன 1974-ன் எண்ணுக்குப் பின்னால் இந்தப் பசிதான் இருக்கிறது.

கதவு திறந்தபோது

1972, 1975 ஆண்டுகளின் நிலச்சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்கள் அரசின் கைக்கு வந்தன. அதன் பிறகுதான் அரசின் குடும்பநலத் திட்டங்கள் மெதுவாக உள்ளே நுழைந்தன. தடுப்பூசி, மகப்பேற்றுக் கவனிப்பு, பிள்ளைமடுவங்களைச் சீராக்குவது என்று வேலைகள் நடந்தன. 1990-களில் தோட்ட மருத்துவமனைகளை அரசுச் சுகாதாரத் துறை படிப்படியாக எடுத்துக்கொள்ளத் தொடங்கியது. 1988, 2003 ஆண்டுகளின் சட்டங்களால் நாடற்றோர் பிரச்சினையும் பெருமளவு தீர்ந்தது. ஓட்டும் அரசு மருத்துவமும் வந்த பிறகு, குழந்தை இறப்பில் தோட்டத்துக்கும் நாட்டுக்கும் இருந்த பெரும்பள்ளம் வெகுவாகச் சுருங்கியது. அதுவரை மூடநம்பிக்கைக்காரர் என்று எழுதப்பட்ட அதே மக்கள், பிரசவத்துக்கு அரசு மருத்துவமனைக்குப் போனார்கள்.

ஆனால் 100 ஆண்டு ஒதுக்கலை ஒரு கையெழுத்து அழித்துவிடாது. 2016-ன் தேசிய ஆய்வில், நாட்டளவில் 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளில் சுமார் 17 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். தோட்டங்களில் அது சுமார் 32 விழுக்காடு. பெண்களின் கருத்தடை அறுவைச் சிகிச்சை தோட்டங்களில் மற்ற இடங்களைவிட அதிகமாக நடந்ததை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். எந்தச் சேவை அந்தப் பெண்களிடம் எளிதாகப் போய்ச் சேர்ந்தது, எது சேரவில்லை என்பதை இதிலிருந்தே புரிந்துகொள்ளலாம். தமிழ் தெரிந்த மருத்துவரும் தாதியும் போதாமல், தன் வலியைச் சொல்ல மொழிபெயர்ப்பாளரைத் தேடும் நிலையும் தீரவில்லை. 2023-ல், மலையகம் 200-ஐ நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தவர்கள், முன்னோர் விழுந்த அதே பாதையில் நிலமும் வீடும் கல்வியும் ஆரோக்கியமும் கேட்டு நடந்தார்கள்.

இந்தியா போட்ட கோடு

இதை இலங்கையின் குற்றமாக மட்டும் படித்துவிட்டுப் போக நமக்கு உரிமையில்லை. அண்ணல் அம்பேத்கர் 1942 முதல் 1946 வரை வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தார். அந்தக் காலத்தில்தான் தொழிலாளர் உடல்நலக் காப்பீட்டுக்கான திட்டத்தை பி.பி. அதர்க்கர் 1944-ல் வகுத்துக் கொடுத்தார். அது 1948-ல் இ.எஸ்.ஐ. சட்டமாயிற்று. முதலாளியின் தயவில் கிடந்த வைத்தியத்தை, முதலாளியும் தொழிலாளியும் பணம் செலுத்தும் பொது நிதிக்கு மாற்றியது அந்தச் சட்டம். தொழிலாளி வேலை செய்யும் இடத்துத் துரையிடம் கெஞ்சத் தேவையில்லை. தன் அட்டையோடு மருத்துவமனைக்குப் போகலாம்.

அந்த மாற்றம் ஆலைகளுக்கு வந்தது. தேயிலைத் தோட்டங்களுக்கு வரவில்லை. அங்கே வேலை செய்தவர்கள் பெரும்பாலும் தலித்துகளும் பழங்குடிகளும். அவர்களுக்காக 1951-ல் தோட்டத் தொழிலாளர் சட்டம் வந்தது. மருத்துவமும் வீடும் தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பு என்றது அது. 1872-ன் இலங்கைச் சட்டத்துக்கு அக்காள் தங்கை போன்ற சட்டம். வேலை இருக்கும்வரை வீடும் மருந்தும் உண்டு; வேலை போனால் இரண்டும் போகும். 2024-ல் மாஞ்சோலைத் தொழிலாளர்கள் விருப்ப ஓய்வில் மலையை விட்டு இறங்கச் சொல்லப்பட்டபோது, தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த லயம் தங்களுடையது இல்லை என்பதை மீண்டும் ஒருமுறை கண்டார்கள்.

மாநிலம் விட்டு மாநிலம் போகும் தொழிலாளருக்கு 1979-ல் தனிச்சட்டம் இயற்றினார்கள். அவர்களுக்கு இலவச மருத்துவ வசதி செய்து தர வேண்டியவர் யார் என்று அந்தச் சட்டம் சொன்னது தெரியுமா? ஒப்பந்தக்காரர். கங்காணியிடமே மருந்துப் பெட்டியைக் கொடுத்த கதை இது. 2020 ஊரடங்கில், நெடுஞ்சாலைகளில் குழந்தைகளோடு நடந்த அந்த மக்களோடு எத்தனை ஒப்பந்தக்காரர்கள் நடந்தார்கள் என்று நாடே பார்த்தது.

நம் தெருவில்

இப்போது தமிழ்நாட்டுக்கு வருவோம். 1939-லேயே பொதுச் சுகாதாரச் சட்டம் இயற்றிய மாநிலம் இது. 1990-களின் நடுவிலிருந்து அரசு மருத்துவமனைகளுக்கு மருந்தை மொத்தமாக வாங்கித் தரும் மருத்துவப் பணிகள் கழகம் இயங்குகிறது. ஆரம்பச் சுகாதார நிலையத்துக்குப் போகிற ஒருவரிடம் நீ எந்த முதலாளியின் ஆள் என்று யாரும் கேட்பதில்லை. இது சாதாரணச் சாதனை இல்லை. மலையக மக்கள் 100 ஆண்டு போராடியும் கிடைக்காத வாசல் இது.

இந்த வாசலுக்கு முன்னால் சில படிகள் உடைந்து கிடக்கின்றன. காலை எட்டு மணிக்கு ஓபி சீட்டு வாங்க நின்றால் ஒருநாள் கூலி போகும். பெரட்டில் பேர் போன மாதிரிதான். மருத்துவர் கேட்பது தமிழில், வலி இருப்பது ஒடியாவிலோ சந்தாலியிலோ. காப்பீட்டுத் திட்டத்துக்குக் குடும்ப அட்டையும் வருமானச் சான்றும் வேண்டும்; அவை ஊரில் இருக்கின்றன. வீடு தேடி வரும் மருத்துவப் பணியாளர் பகலில் வரும்போது, தகரக் கொட்டகையில் ஆள் இருப்பதில்லை. இ.எஸ்.ஐ.யில் பெயர் சேர்க்க வேண்டிய ஒப்பந்தக்காரர் சேர்க்காமல் விட்டால், அடிபட்ட பிறகுதான் அது தொழிலாளிக்குத் தெரிகிறது.

ஆகவே நாம் கேட்பது தெளிவானது. செங்கல் சூளையிலும் கட்டடத் தளத்திலும் நடக்கும் மருத்துவ முகாமை முதலாளியின் தர்மமாக விடாமல், அந்தப் பகுதி ஆரம்பச் சுகாதார நிலையத்தின் வழக்கமான வேலையாக ஆக்க வேண்டும். புலம்பெயர் தொழிலாளர் அதிகம் உள்ள இடங்களில் மாலைநேர ஓபி வேண்டும். அவர்கள் மொழி பேசுபவர்களை, முடிந்தால் அவர்களிலிருந்தே, சம்பளத்தோடு சுகாதாரப் பணியாளராக நியமிக்க வேண்டும். காசநோய் மருந்தும் கர்ப்பிணியின் பதிவும் குழந்தையின் தடுப்பூசிக் கணக்கும் ஆள் போகும் ஊருக்கெல்லாம் கூடவே போக வேண்டும். தங்குமிடத்தின் கழிப்பிடமும் குடிநீரும் சுகாதார ஆய்வாளரின் கண்காணிப்பில் வர வேண்டும்; கொக்கிப்புழுக் கதை போதும். செலவில் முதலாளி தன் பங்கைப் பொது நிதியில் செலுத்தட்டும். சிகிச்சையின் சாவி அவர் கையில் இருக்கக் கூடாது.

இவர்களுக்கு இங்கே ஓட்டு இல்லை. அதனால் இவர்களுக்காகக் குரல் கொடுப்பதில் கட்சிகளுக்கு ஆதாயம் இல்லை. 1949-க்குப் பிறகு மலையகத்தில் என்ன நடந்தது என்று தெரிந்த நாம்தான் அந்தக் குரலாக இருக்க வேண்டும். வருகிறவர்களில் பலர் அவர்கள் ஊரின் தலித்துகள், பழங்குடிகள். நிலமில்லாததாலும் சாதிக்கொடுமையாலும் ஊரை விட்டவர்கள். நம் முன்னோர் கிளம்பிய அதே காரணம்.

இலங்கையில் நம் பாட்டன்மாரைக் 'கள்ளத்தோணி' என்றும் 'தோட்டக்காட்டான்' என்றும் அழைத்தார்கள். அந்தச் சொற்கள் தெருவில் புழங்கின; சட்டமாகின; பிறகு குழந்தைகளின் சாவு எண்ணிக்கையில் போய் முடிந்தன. இன்று நம் தெருவில் 'வடக்கன்' என்ற சொல் சிரிப்போடு புழங்குகிறது. அந்தச் சொல்லை நம் வாயிலிருந்தும் நம் மருத்துவமனை வரிசையிலிருந்தும் அகற்றுவது நம் வேலை.